முட்டைக்குக் காவலாகக் கொடி நடலாமா?
வாசகர் கேள்வி – பதில்: கடலோரப் பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும்

கடற்கரையிலும் உப்பளத்திலும் கூடு கட்டும் பறவைகளைப் பற்றி வாசகர்கள் பலர் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அக்கடிதங்களில் எட்டுக்கு இம்முறை விடையளிக்கிறோம்.

*

கேள்வி: தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்பில், வெறுந்தரையில், கரும்புள்ளிகள் கொண்ட மூன்று முட்டைகள் கிடக்கின்றன. அருகில் போனால், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய மண்ணிறப் பறவை ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சுற்றிலும் கல் அடுக்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றையும் நட்டு வைத்திருக்கிறேன். வெயில் படாமல் ஓலையால் மூடிவிடலாமா? *(வாசகர், தூத்துக்குடி)*

பதில்: ஓலை வேண்டாம், குச்சியையும் இன்றே பிடுங்கிவிடுங்கள். உங்கள் அக்கறையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. திறந்த தரையில் முட்டையிடும் பறவைக்கு இருக்கும் ஒரே காப்பு, அதன் முட்டை தரையோடு தரையாகத் தெரிவதுதான். சமதளமான உப்பளத்தில் புதிதாக ஒரு குச்சி முளைத்தால் முதலில் வந்து அமர்வது காகம். அமர்ந்த காகம் கீழே பார்க்காமல் போகாது. சுற்றிலும் அடுக்கிய கல்லும் அப்படியே: நாய் மோப்பம் பிடித்து வருவதற்கு மனிதக் காலடிகளின் தடம் ஒன்றே போதுமானது.

நீங்கள் வருணிப்பது உப்புக்கொத்தி இனத்துப் பறவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கி இனப்பெருக்கம் செய்யும் உப்புக்கொத்திகளை, ஐரோப்பாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் வாழும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளினமாகவே நெடுங்காலம் கருதி வந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்று அதைத் தனி இனம் என்று நிறுவி, ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் சூட்டியது. சேதுவின் இரு கரையிலும் வாழும் பறவைக்குப் பொருத்தமான பெயர்தான். உங்கள் வரப்பில் கிடப்பவை அதன் முட்டைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீண்ட சிவந்த கால்களுடன் கறுப்பும் வெள்ளையுமான பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறந்தால் அது பவளக்காலி என்னும் நெடுங்கால் உள்ளான்; அது பெரும்பாலும் நான்கு முட்டை இடும். ஆட்காட்டியும் நான்குதான் இடும், ஆனால் அதன் கூச்சலை வைத்தே அடையாளம் தெரிந்துவிடும். பத்து இருபது பறவைகள் ஒன்றாக எழுந்து தலையைக் கொத்த வருவதுபோல் பாய்ந்தால், நீங்கள் சிற்றாலா என்னும் சிறு கடற்பறவைகளின் குடியிருப்பு ஒன்றுக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று கொண்டு, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

இறக்கை ஒடிந்ததுபோல் ஓடுவது முழுக்க நடிப்பு. நரியோ நாயோ மனிதரோ, வந்தவரின் கண்ணைத் தன்மீது திருப்பி, முட்டையிலிருந்து நாற்பது ஐம்பது அடி தூரம் இழுத்துச் சென்றதும் பறவை சுகமாகப் பறந்துவிடும். அந்த நடிப்பு நீடிக்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அடைகாத்தல் என்றதும் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று நினைக்கிறோம். பங்குனி, சித்திரை நண்பகலில் தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பது அதற்கு நேர்மாறானது. பறவை முட்டையின்மேல் அழுந்த உட்காராமல், கால்களைச் சற்று நிமிர்த்தி, இறகுகளை விரித்து, நிழலாக நிற்கிறது. ஆட்காட்டியும் பவளக்காலியும் இன்னும் ஒருபடி மேலே போய், நீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டையின்மேல் அமரும். காலை பத்து மணிக்குமேல் மாலை நான்கு மணி வரை அந்த வரப்புப் பக்கம் யாரும் போகாதிருப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

உப்பு வாரும் வேலையை நிறுத்த முடியாது என்பது தெரியும். உப்பளத்தில் பாடு மும்முரமாக நடக்கும் மாதங்களும் இப்பறவைகள் முட்டையிடும் மாதங்களும் ஒன்றாகவே வந்து வாய்த்திருக்கின்றன. ஆனால் எல்லா வரப்பிலும் எல்லா நாளும் உப்பைக் குவிப்பதில்லை அல்லவா? உப்புக்கொத்தி முட்டை பொரிய ஏறத்தாழ 25 நாள் ஆகும். பவளக்காலிக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆட்காட்டிக்கு 28 முதல் 30 நாள். சிற்றாலாவுக்கு மூன்று வாரம். மேற்பார்வையாளரிடம் பேசி, அந்த ஒரு துண்டு வரப்பில் மட்டும் உப்பைக் குவிப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள உங்களுக்கு அடையாளம் வேண்டுமென்றால், ‘மூன்றாம் மதகிலிருந்து இருபது காலடி’ என்று கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தரையில் எதையும் நட வேண்டாம்.

முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் எழுந்து நடந்துவிடும். ஒருநாள் காலையில் மூன்று முட்டையும் காணாமற்போனால், கீரி தின்றுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

*

கேள்வி: காசிமேட்டில் குளிர்காலத்தில் படகுகளைச் சுற்றி வட்டமிடும் வெள்ளைக் கடற்காகங்கள் எங்கே கூடு கட்டுகின்றன? இத்தனை ஆண்டுகளில் ஒரு குஞ்சைக்கூடப் பார்த்ததில்லை. *(வாசகர், சென்னை)*

பதில்: சென்னையில் இருந்துகொண்டு பார்க்க முடியாது. நம் துறைமுகங்களில் காணும் பழுப்புத்தலைக் கடற்காகம், லடாக்கிலும் திபெத்திலும் உள்ள மேட்டுநில ஏரிகளின் கரையில் முட்டையிடுவது. சோ மொராரி, சோ கார் ஏரிகளின் பக்கம் கோடையில் போகிறவர்கள் நம்மூர்ப் பறவைகளை அங்கே, சாக்லெட் நிறத் தலையுடன் பார்க்கலாம். குளிர்காலத்தில் அந்தத் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு மட்டும் எஞ்சும். குஞ்சைப் பார்த்ததில்லை என்கிறீர்கள், உண்மையில் பார்த்திருப்பீர்கள். வால் நுனியில் கரும்பட்டையும் இறக்கையில் பழுப்புக் கறையும் உள்ளவை, அந்த ஆண்டுக் கோடையில் பிறந்து, முதன்முறையாகக் கடலைக் காணும் இளம் பறவைகள். அடுத்த மார்கழியில் கூட்டத்தில் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

*

கேள்வி: தனுஷ்கோடிக் கடற்கரையில் தை மாதத்தில், வெள்ளை உடலும் கறுத்த தடித்த அலகும் நீலச்சாம்பல் கால்களும் கொண்ட பறவைகளைக் கண்டோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால், அதே அளவுள்ள ஆனால் சாம்பல் பூத்த ஒரு பறவை கூனிக்கொண்டு, விடாமல் கத்திக்கொண்டு நடந்தது. முன்னால் போன பறவை பிடித்த நண்டை அதுவே வாங்கித் தின்றது. இது குஞ்சுதானே? அப்படியானால் பக்கத்தில் கூடு இருக்குமா? *(வாசகி, தங்கச்சிமடம்)*

பதில்: குஞ்சுதான், கூட்டை அங்கே தேட வேண்டாம். நீங்கள் பார்த்த நண்டுண்ணிப் பறவை, கரைப்பறவைகளில் வேறெதிலும் காணாத வழக்கங்களைக் கொண்டது. அரேபியத் தீபகற்பத்தைச் சூழ்ந்த கடற்கரைகளிலும் தீவுகளிலும், நம் சித்திரை முதல் ஆடி வரையிலான கடும் வெயில் காலத்தில், மணலில் நீண்ட வளை தோண்டி அதன் கடைசியில் ஒரே ஒரு முட்டை இடும். உப்புக்கொத்தியின் முட்டைபோல் அதற்குப் புள்ளி இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும், பாதாளத்தில் கிடப்பதற்கு மறைவு நிறம் எதற்கு? மேலே மணல் கொதித்தாலும் வளைக்குள் வெப்பம் சீராக இருக்கிறது.

மற்ற உள்ளான், உப்புக்கொத்திக் குஞ்சுகள் பிறந்த அன்றே ஓடி, தாமே பொறுக்கித் தின்பவை. நண்டுண்ணியின் குஞ்சோ வளைக்குள்ளேயே இருந்து பெற்றோர் கொண்டுவரும் நண்டைத் தின்று வளர்கிறது. பறக்கக் கற்றபின் பெற்றோருடன் கடல் கடந்து வந்து, இங்கே குளிர்காலம் முழுவதும் கேட்டு வாங்கித் தின்கிறது. நண்டைப் பிடித்து, கடிபடாமல் கொடுக்கை ஒடித்து, ஓட்டை உடைக்கும் வித்தை எளிதில் கைவராது. ஆதலால் அந்தச் சாம்பல் பறவையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், தாயோ தந்தையோ நண்டைத் தரையில் போட்டு அலகால் குத்தி உடைக்கும்போது, குஞ்சு தலையைச் சாய்த்து ஓரடி தூரத்தில் நின்று கவனிப்பது தெரியும். பாதி உடைந்த நண்டைக் குஞ்சின் முன்னால் விட்டுவிட்டுப் பெற்றோர் நகர்ந்துவிடுவதும் உண்டு.

இக்காட்சியைக் காரில் இருந்தபடி பார்ப்பது நலம். தனுஷ்கோடிச் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் பறவை பொருட்படுத்தாது. கதவைத் திறந்து இறங்கியதும் கூட்டம் முழுவதும் எழுந்து அரிச்சல்முனைப் பக்கம் போய்விடும்.

*

கேள்வி: புயல்காற்றில் எங்கள் தென்னந்தோப்பில் விழுந்த பருந்துக் குஞ்சை வீட்டுக்கு எடுத்து வந்து பத்து நாட்களாக வளர்க்கிறேன். முழுக்கப் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்று நினைக்கிறேன். பால் சோறும் கோழிக்கறித் துண்டும் கொடுக்கிறேன். கால் துவண்டு, நிற்க மாட்டேன் என்கிறது. மனித வாடை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதால் திருப்பி விடவும் மனம் வரவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? *(வாசகர், பரங்கிப்பேட்டை)*

பதில்: மருந்தை நீங்கள் கொடுக்க வேண்டாம். இந்த வரியைப் படித்ததும் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் கால்நடை மருத்துவரிடம் குஞ்சை ஒப்படையுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. கூட்டைக் கலைப்பதும் முட்டைக்குச் சேதம் விளைவிப்பதும்கூட அதன் பார்வையில் வேட்டைதான். காப்பாற்றும் எண்ணத்தோடு எடுத்து வந்தவர், தாமதமின்றி ஒப்படைத்தால் அச்சப்பட ஒன்றுமில்லை.

கால் துவண்டதற்குக் காரணம் பெரும்பாலும் உணவுதான். பருந்து தன் குஞ்சுக்குத் தருவது முள்ளோடு மீன், எலும்போடு எலி, ஓட்டோடு நண்டு. எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டும் நாள்தோறும் கொடுத்தால், வேகமாக வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்காமல் கால் வளையும். பாலோ, பறவையின் வயிற்றுக்கு ஏற்காத பொருள். பாலூட்டிகளின் உணவு அது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியை ஒட்டியே திறக்கிறது; ஊற்றிய நீர் நுரையீரலுக்குப் போய், ‘தண்ணீர் கொடுத்தும் பிழைக்கவில்லை’ என்று சொல்லும்படி ஆகிவிடும். தண்ணீர் கொடுத்ததால்தான் பிழைக்கவில்லை.

மனித வாடை பற்றிய நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. குருவிக் குஞ்சைத் தொட்டால் இனத்தார் ஒதுக்கிவிடுவார்கள் என்று எனக்கும் சிறுவயதில் சொல்லியிருக்கிறார்கள். குஞ்சுகளைத் தொடாமல் பிள்ளைகளைத் தடுக்க அது நல்ல உபாயம், உண்மை அன்று. பறவைகள் தம் குஞ்சை இடத்தாலும் குரலாலும் அறிகின்றன. கையால் எடுத்துக் கூட்டில் வைத்த குஞ்சுக்குத் தாய் தொடர்ந்து இரை ஊட்டும். கீழே கிடக்கும் குஞ்சைக் கண்டால் முதலில் இறகைப் பாருங்கள். இறகே முளைக்காத குஞ்சென்றால் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். கூடு விழுந்துவிட்டால், அடியில் துளையிட்ட பழைய மூங்கில் கூடையில் தென்னைநார் பரப்பி, அதே மரத்தில் அல்லது அடுத்த மரத்தில், எட்டும் உயரத்தில் கட்டி, அதில் விடலாம். இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழுந்த குஞ்சு அன்று; பறக்கப் பழகும் குஞ்சு. நாய், பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். கூட்டைவிட்டு வந்தபின்னும் பல வாரம் பெற்றோர் அதைத் தேடி வந்து ஊட்டுவார்கள். ஒரு மணி நேரமாகத் தாய் வரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் குஞ்சின் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்த்தவர்கள்.

குஞ்சு முழுக்கப் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். கடலோரத் தென்னையில் கூடு கட்டுவது பெரும்பாலும் செம்பருந்து. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் அதற்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பறக்கும்போது வால் நுனி வளைந்து உருண்டிருந்தால் செம்பருந்து, நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து.

*

கேள்வி: கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகளோடு அழுக்குச் சாம்பல் நிறத்தில் சில நிற்கின்றன. உப்பு மிகுந்து நோய் கண்டவையா? *(வாசகர், வேதாரண்யம்)*

பதில்: நோய் ஏதுமில்லை, சென்ற ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ பிறந்தவை. பூநாரைக் குஞ்சு வெண்சாம்பல் தூவியுடன், நேரான அலகுடன் பிறக்கிறது. அலகு வளைவதற்குச் சில வாரங்களும், இளஞ்சிவப்பு ஏறுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகளும் பிடிக்கும். அந்தச் சிவப்பு பிறவியில் வருவதன்று. உப்புநீர்ச் சிற்றிறால்களிலும் பாசியிலும் உள்ள நிறப்பொருள், தின்னத் தின்ன இறகில் சேர்வது. இந்தியாவில் இவற்றின் பெரும் குடியிருப்பு குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில், மழைநீர் தேங்கும் உப்புச் சேற்றில் அமைகிறது. ‘பூநாரை நகரம்’ என்றே அதற்குப் பெயர். சேற்றைக் கூம்பாகக் குவித்து அதன் உச்சிக் குழியில் ஒரு முட்டை. தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் சிவந்த நீரைக் குஞ்சின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன.

1967இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயமும் அதைச் சூழ்ந்த சதுப்பும் 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. இங்கே வரும் இளம் பூநாரைகளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தலைகீழாக அலகை அமிழ்த்திச் சேற்றை வடிகட்டித் தின்ன, இடையூறற்ற நெடுநேரம். பழவேற்காட்டில் படகில் போகிறவர்கள், எல்லாப் பறவையும் ஒருசேர எழுவதைப் படமெடுக்க, கூட்டத்துக்குள் படகைச் செலுத்தச் சொல்லிக் கூடுதல் பணம் தருகிறார்கள். படகோட்டியைக் குறை சொல்வதில் நியாயமில்லை, கேட்பவர்கள் நாம்தான். அனுபவமற்ற இளம் பறவை ஒருமுறை எழுந்து பறந்து வேறிடம் இறங்கும்போது செலவிடும் தெம்பை, மீண்டும் தின்றுதான் ஈடுகட்ட வேண்டும். அங்கே ‘கிட்டே போக வேண்டாம்’ என்று படகோட்டியிடம் சொன்ன பயணி ஒருவரைப் பார்த்தேன், படகோட்டிக்கே வியப்பு.

*

கேள்வி: வலசை வரும் உள்ளான்கள் பங்குனியோடு திரும்பிவிடும் என்கிறார்கள். ஆனி மாதத்திலும் முத்துப்பேட்டைச் சேற்றுத்திட்டில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றனவே? *(வாசகர், முத்துப்பேட்டை)*

பதில்: பெரும்பாலும் ஓராண்டு நிரம்பாத இளம் பறவைகள். முட்டையிடும் வயது வராத பறவை, சைபீரியா வரை போய்வரும் துன்பத்தை ஏற்காமல் இங்கேயே கோடையைக் கழிக்கிறது. மங்கிய, தேய்ந்த இறகைக் கொண்டு அவற்றை அறியலாம். காயம்பட்டவையும் சில இருக்கும். ஆகவே கோடையில் சேற்றுத்திட்டு வெறுமையாகக் கிடக்கிறது என்று எண்ணி அங்கே குப்பை கொட்டுவதும் மணல் அள்ளுவதும், அடுத்த ஆண்டுகளில் முட்டையிட வேண்டிய தலைமுறையின் உணவில் கை வைப்பதாகும்.

*

கேள்வி: ஆடி மாதக் காற்றில் எங்கள் ஊர்க் கரையில் ஒரு பறவை ஒதுங்கியது. கரும்பழுப்பு உடல், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, பிளவுபட்ட வால். பிள்ளைகள் அதைக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். அலையோடு மீண்டும் கரைக்கே வந்து, மாலையில் இறந்தது. ஊரில் யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. *(வாசகி, குளச்சல்)*

பதில்: உங்கள் வருணனைக்குப் பொருந்துவது கரும் ஆலாவின் இளம் பறவை. ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கரையில் இருப்பவர்களுக்குக் காற்று தள்ளி வந்தால்தான் காட்சி. இலட்சத்தீவில் உள்ள பிட்டி என்னும் மரமற்ற சிறு மணல்தீவு, கரும் ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும் இடம். அங்கிருந்தோ வேறு தீவிலிருந்தோ கிளம்பும் இளம் பறவை, தான் முட்டையிடும் வயது வரும்வரை பல ஆண்டுகளைப் பெரும்பாலும் பறந்தபடியே கழிக்கும். கடற்பறவை என்றாலும் இதன் இறகு நீரைத் தாங்காது, நனைந்து கனத்துவிடும். பிள்ளைகள் நல்லெண்ணத்தில் கடலில் விட்டது அதனால்தான் பயனளிக்கவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பல நாள் பட்டினியோடு ஒதுங்கும் இத்தகைய பறவைகளில், தேர்ந்த மருத்துவரிடம் சேர்ந்தாலும் பிழைக்காதவை உண்டு.

அடுத்த முறை ஒதுங்கினால், ஈரமற்ற துணியைத் தலை மறையும்படி போர்த்திப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். கண்ணை அலகிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். உணவைத் திணிக்க வேண்டாம். மாடியிலிருந்து வீசிப் பறக்கவிட முயலவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பேருதவி. காலிலோ இறக்கையிலோ தங்கூசி (மீன்பிடி நைலான் நூல்) சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள். கத்திரியால் பல இடங்களில் நறுக்கி, தானாக விழுவதை மட்டும் எடுங்கள். தூண்டில் முள் குத்தியிருந்தால் அதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். கரையில் வலை கட்டும்போது கழித்துப் போடும் தங்கூசித் துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்து வைக்க உங்கள் ஊர்ச் சங்கம் ஏற்பாடு செய்தால், ஆடிக் காற்றில் ஒதுங்கும் பறவைக்கும், ஆண்டு முழுவதும் கரையில் மேயும் பறவைக்கும் ஒருசேரப் பயன்படும்.

*

கேள்வி: மரக்காணம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கழுவெளிக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, கூடுகளையும் குஞ்சுகளையும் கவனித்து எழுதப் பழக்க விரும்புகிறேன். தொலைநோக்கி எது வாங்கலாம்? என்னென்ன குறிக்கச் சொல்லலாம்? *(ஆசிரியை, மரக்காணம்)*

பதில்: எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகக்கண்ணாடி கொண்ட இருகண் நோக்கி இரண்டு இருந்தால் ஒரு வகுப்பு முறைபோட்டுப் பார்க்கலாம். அதைவிடப் பெரிதாக்கும் கருவி மாணவர் கையில் நடுங்கும். வெயில் ஏறியபின் சதுப்பின்மேல் கானல் அசைவதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் முன் அனுமதி பெற்று, காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

கூட்டைத் தேட வேண்டாம். தாய், தந்தைப் பறவைகளின் நடத்தையைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாயில் இரையை வைத்துக்கொண்டே விழுங்காமல் நிற்கும் பறவைக்குப் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது. மாணவர்களைப் பார்த்து அது கத்திக்கொண்டே இருந்தால், நிற்கும் இடம் மிகவும் அருகில் என்று பொருள். அது அடங்கும்வரை பின்வாங்குங்கள். கத்தல் கேட்டதும் தரையில் ஒடுங்கி அசையாமல் கிடக்கும் உப்புக்கொத்திக் குஞ்சை, பாதையை விட்டு இறங்கி நடப்பவர் மிதித்துவிட்டதுகூட அறியாமல் போய்விட முடியும். எனவே பாதையை விட்டு இறங்குவதே கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். படமெடுக்க இலையை விலக்குவது, குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, டிரோன் பறக்கவிடுவது ஆகிய மூன்றையும் மாணவர்களின் பெற்றோர்கள் முன்னிலையிலேயே மறுத்துவிடுங்கள். மாணவர்களைவிட அவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏட்டில் நாள், நேரம், இடம், காற்று, நீர் எவ்வளவு நிற்கிறது என்பவற்றை முதலில் எழுதட்டும். பிறகு பறவையின் பெயர், எண்ணிக்கை. அதன்பின் எதைக் கண்டார்கள் என்பது: இணை சேர்ந்ததா, குச்சி சுமந்ததா, இரை சுமந்ததா, குஞ்சு உடன் நடந்ததா, குஞ்சு தாயின் உயரத்தில் பாதியா முக்காலா. பெயர் தெரியாவிட்டால் வரையச் சொல்லுங்கள். கறுத்த பஞ்சுருண்டைக் குஞ்சுகள் வரிசையாகக் கோரைக்குள் ஓடினால் காகக் குஞ்சு என்று யாராவது சொல்வார்கள். அவை கானாங்கோழிக் குஞ்சுகள். காகக் குஞ்சு ஒருபோதும் தாயின் பின்னால் தரையில் ஓடாது. காலில் நிற வளையமோ கொடி போன்ற பட்டையோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் எந்தக் காலில் என்பதையும் குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்.

இந்தக் குறிப்புகளை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். ஆண்டுதோறும் தை மாதத்தில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உங்கள் மாணவர்களுக்கு நல்ல தொடக்கம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே போதும். கூடு உள்ள சரியான இடத்தை மட்டும் பொதுத் தளத்தில் எழுதாமல், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.